தியோடோர் போவெரி

தியோடோர் போவெரி (அக்டோபர் 12, 1862 - அக்டோபர் 15, 1915) ஒரு ஜெர்மானிய உயிரியலாளர் ஆவார். உயிரணுவின் நிறப்புரிகளில் நேரும் கோளாறே புற்றுநோய்க்குக் காரணம் என்ற கருத்தை முன்வைத்தவர்களுள் முதன்மையானவர்.

வாழ்க்கை

பவேரியாவின் பாம்பெர்க் நகரில் பிறந்தார். 1893 முதல் இறக்கும்வரை வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். இவரது மனைவி மார்செல்லாவும் உயிரியலாளர், அமெரிக்காவைச் சேர்ந்தவர்.

ஆய்வுகள்

கடல் முள்ளெலியின் ஒரே முட்டையில் இரு விந்தணுக்கள் நுழைந்தால், நிறப்புரிகள் ஒழுங்கின்றிப் பங்கிடப்பட்டுக் கரு சிதைகிறது. இதிலிருந்து ஒவ்வொரு நிறப்புரியும் தனித்தன்மை உடையது என 1902இல் காட்டினார். உயிரணுப் பிரிவைத் தடுக்கும் நிறப்புரிகளும் இருக்கலாம். அவற்றை இழந்த உயிரணு கட்டுப்பாடின்றிப் பெருகிக் கட்டியாகும் என்று 1914இல் வெளியான தம் நூலில் கருதினார். அதனை மெய்ப்பிக்கும் வழி அன்று இல்லை. மறு ஆண்டே அவர் இறந்தார். அந்நூலை மார்செல்லா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1929இல் வெளியிட்டார்.

பிற்காலச் சான்றுகள்

கட்டியடக்கி மரபணு ஒன்று முதன்முதலாக 1986இல் பிரித்தெடுக்கப்பட்டது. அது விழித்திரைப் புற்றுநோயுடன் தொடர்புடையது. பி53 என்பதும் இவ்வகை மரபணுவே என 1989இல் அறியப்பட்டது. புகையிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றில் பி53 மாற்றமுற்றும், பி16 என்னும் மற்றொரு கட்டியடக்கி மரபணு செயலிழந்தும் காணப்படுகின்றன. புகையிலையிலுள்ள நைட்ரோசமீன்கள் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துவது இதற்கு ஒரு காரணமாகும். தடுக்கும் ஆற்றலை இழந்த உயிரணுவே புற்றாகிறது என்ற போவெரியின் கருத்து இவ்வாறு வலுப்பெற்றது.