ஒரு பிடி தாய்மண்ணோடு துயிலும் கியூபக் குயில்

கியூபாவின் தலைநகர் ஹவானாவில் 1925ஆம் ஆண்டு ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் செலியா குரூஸ். தந்தை இரயில்வே தொழிலாளி. மகள் ஆசிரியையாக வேண்டும் என்பது அவரது ஆசை. அதற்காகப் படித்த செலியாவை வானொலிப் பாட்டுப் போட்டிகள் மேடைக்கு இழுத்து வந்தன.

1950இல் சொனோரா மத்தான்செரா என்ற புகழ்பெற்ற இசைக்குழுவில் சேர்ந்தார். பழைய பாடகியின் இடத்தில் இவரை ஏற்க இரசிகர்கள் முதலில் தயங்கினர். விரைவில் அவர்களே இவரது குரலுக்கு அடிமையாயினர்.

1959இல் பிடல் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் இசைக்குழு நிகழ்ச்சிக்காக மெக்சிகோ சென்றது. செலியா நாடு திரும்பவில்லை. பின்னர் அமெரிக்காவில் குடியேறினார்.

அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1962இல் தாயார் இறந்தபோது, இறுதிச் சடங்கில் கலந்துகொள்ள கியூப அரசு அனுமதி மறுத்தது. பெற்றவளின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூட அவருக்கு வழியில்லாமல் போனது. தாய்நாட்டு வானொலியிலும் அவர் பாடல்கள் ஒலிக்கவில்லை.

அதே காலத்தில் ஆயிரக்கணக்கான கியூபர்கள் அமெரிக்காவின் மயாமி நகரில் வந்து இறங்கினர். 1962 முதல் 1974 வரை அங்குள்ள உயர்ந்த கோபுரக் கட்டடம் ஒன்றில் அகதிகளுக்கு உதவி வழங்கப்பட்டது. சுதந்திரக் கோபுரம் என்பது அதன் பெயர். 1980இல் மட்டும் மரியல் துறைமுகத்திலிருந்து சுமார் 125,000 பேர் படகுகளில் வந்தனர். ஊரையும் உறவையும் விட்டு வந்த இவர்களுக்குச் செலியாவின் பாட்டு ஆறுதலாக இருந்தது. சல்சா இசையின் அரசி என்று உலகம் அவரைக் கொண்டாடியது. 1994இல் அமெரிக்க அரசு தேசியக் கலைப் பதக்கம் வழங்கியது.

1990இல், கியூப மண்ணிலேயே உள்ள குவாண்டனாமோ அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் பாடச் சென்றார். 30 ஆண்டுகளுக்குப் பின் தாய்மண்ணில் கால் பதித்தும், பிறந்த வீட்டுக்குப் போக முடியவில்லை. ஒரு பிடி மண்ணை மட்டும் அள்ளி எடுத்து வந்து பத்திரப்படுத்தினார்.

2003 ஜூலை 16ஆம் நாள் செலியா காலமானார். அகதிகளை வரவேற்ற அதே சுதந்திரக் கோபுரத்தில் அவர் உடல் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. மக்கள் நீண்ட வரிசையில் நின்று விடை கொடுத்தனர். நியூயார்க்கில் நல்லடக்கம் நடந்தபோது, குவாண்டனாமோவில் அள்ளிய அந்த மண்ணும் அவருடன் வைக்கப்பட்டது. விடுதலை தேடிச் சென்ற மகளால் ஊர் திரும்ப முடியவில்லை; ஊர் மண்தான் அவரிடம் வந்து சேர்ந்தது.