அசோகரின் அருளாட்சி

கி. மு. 261-ஆம் ஆண்டளவில் மௌரியப் பேரரசர் அசோகர் கலிங்கத்தை வென்றார். அப்போரில் 1,00,000 பேர் மாண்டனர். 1,50,000 பேர் சிறையாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவ்வெற்றி அவர் நெஞ்சைச் சுட்டது.

பௌத்த நெறியைத் தழுவிய அவர், அதனைப் பிறர்மீது திணித்தாரல்லர். பிற சமயத்தை இகழ்வோர் தம் சமயத்திற்கே ஊறு செய்கின்றனர் என்னும் கருத்தைப் பாறைகளிற் பொறித்தார். முடிசூடிய 12-ஆம் ஆண்டில், மகதநாட்டுப் பராபர்க் குன்றின் குகைகளை, பௌத்தத்திற்கு மாறான கொள்கையுடைய ஆசீவகத் துறவியர்க்கு வழங்கினார்.

மனிதரிடையே வேற்றுமை பாராத அவ்வருள், காட்டையும் விலங்கையும் தழுவிச் சென்றது. சோழ பாண்டிய நாடுகளிலும் மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ உதவி கிடைக்கச் செய்தார். மூலிகை இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நடுவித்தார். வீணாகவோ உயிர்களை அழிக்கவோ காட்டிற்குத் தீயிடலாகாது என ஆணையிட்டார்.

அரண்மனை மடைப்பள்ளியில் நாள்தோறும் கொல்லப்பட்ட எண்ணற்ற உயிர்கள், இரண்டு மயிலும் ஒரு மானுமாகக் குறைந்தன. நாவின் பழக்கத்தை விடுதல் பேரரசர்க்கும் அரிது போலும்! அம்மூன்றும் இனிக் கொல்லப்படமாட்டா என்பதையும் அக்கல்லிலேயே எழுதுவித்தார்.