புரூஸ் லீயும் பூனைக்குட்டியும்

பிள்ளைகளே, பலெர்மோவில் பூப்பி என்று சொல்லும் பாவைக்கூத்தைப் பார்த்திருக்கிறீங்களா? பளபளக்கும் கவசம் போட்ட மரப்பாவைகள் வாள் வீசிச் சண்டை போடும். அந்த நேரம் பாவையை ஆட்டுபவர் பலகையில் காலால் ஓங்கி ஓங்கி மிதிப்பார். அந்தச் சத்தத்தில் எங்கள் நெஞ்சு படபடக்கும். மரப்பாவைக்கு வலிக்காது. ஆனாலும் உண்மையான போர் மாதிரியே இருக்கும், இல்லையா?

சினிமாச் சண்டையும் இப்படித்தான். அடித்தால் மட்டும் போதாது. அதை எப்படிக் காட்டுகிறோம் என்பதும் முக்கியம். இதை நன்றாக அறிந்த ஒருவரின் கதையை இப்போது படிப்போம். அவர்தான் புரூஸ் லீ.

புரூஸ் லீ 1940 நவம்பர் 27ஆம் திகதி அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். அவருடைய அப்பா சீன இசை நாடக நடிகர். நாடகம் நடிக்க அமெரிக்கா போயிருந்தபோதுதான் மகன் பிறந்தான். சில மாதங்களில் குடும்பம் ஹொங்கொங்குக்குத் திரும்பியது. சின்ன வயதிலேயே புரூஸ் படங்களில் நடித்தார். பதின்ம வயதில் இப் மான் என்ற ஆசிரியரிடம் விங் சுன் என்னும் தற்காப்புக் கலையைப் பழகினார். நன்றாக நடனமும் ஆடுவார். 1958இல் ஹொங்கொங்கில் நடந்த சா சா நடனப் போட்டியில் முதல் இடம் பெற்றார். அந்த நடனக் கால்களை மறந்துவிடாதேங்கோ. பிறகு தேவைப்படும்!

18 வயதில் கப்பலேறி மீண்டும் அமெரிக்காவுக்குப் போனார். உணவகத்தில் வேலை செய்தார். பல்கலைக்கழகத்தில் படித்தார். எந்த இனத்தவர் வந்தாலும் குங்ஃபூ சொல்லிக்கொடுத்தார். 1966இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் நடித்தார். அதில் அவர் கதாநாயகன் இல்லை. முகமூடி போட்ட உதவியாளர். அவருடைய கைகால்கள் மிக வேகமாகப் போனதால் கமராவில் தெளிவாகத் தெரியவில்லை. அதனால் வேகத்தைக் குறைக்க வேண்டி வந்தது.

1970இல் அவருடைய முதுகில் பெரிய காயம் ஏற்பட்டது. பல மாதங்கள் படுக்கையில் இருந்தார். சும்மா இருக்கவில்லை. கனக்க வாசித்தார், எழுதினார், மெல்ல மெல்ல எழுந்தார். ஆனால் அமெரிக்கப் படங்களில் சீனர் ஒருவருக்குக் கதாநாயகன் வேடம் எளிதில் கிடைக்கவில்லை. அதனால் 1971இல் ஹொங்கொங் போய் நடித்தார். இரண்டு படங்கள் பெரிய வெற்றி பெற்றன. மூன்றாவது படத்தின் கதையைத் தானே எழுதி, தானே இயக்கினார். அதுதான் 1972இல் வந்த 'த வே ஒவ் த டிராகன்'.

அந்தப் படத்தின் கதை எங்கே நடக்கிறது தெரியுமோ? எங்கள் இத்தாலியில், உரோம் நகரில்! கிராமத்து இளைஞன் ஒருவன் ஹொங்கொங்கிலிருந்து வருகிறான். உணவகம் நடத்தும் ஒரு பெண்ணை ரவுடிகளிடமிருந்து காப்பாற்ற வேண்டும். ஆனால் அவனுக்கு இந்த நாட்டு மொழி தெரியாது. உணவுப் பட்டியலில் எதையோ தொட்டுக் காட்டுகிறான். வந்தது எல்லாம் சூப்பு!

கடைசிச் சண்டை கொலோசியத்தில் நடக்கிறது. எதிரியாக நடித்தவர் கராத்தே வீரர் சக் நோரிஸ். சண்டையின் பெரும்பகுதியை ஹொங்கொங்கில் போட்ட அரங்கில்தான் எடுத்தார்கள். பார்க்கும்போது அது தெரியாது.

கமரா அங்கே என்ன செய்கிறது என்று பாருங்கோ. இருவரும் உடம்பை முறுக்கித் தயாராகிறார்கள். அவசரம் இல்லை. ஆபத்து வருகிறது என்று நாங்கள் காத்திருக்கிறோம். இடையிடையே ஒரு பூனைக்குட்டியின் முகம் கிட்டத்தில் தெரிகிறது. அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிச் சண்டை பார்த்த இடம் அது. இப்போது பார்ப்பதற்கு ஒரு பூனைக்குட்டி மட்டும்! கைதட்ட ஆளில்லை. அதனால் இது வேடிக்கை இல்லை என்று எங்களுக்கு விளங்குகிறது.

முதலில் நாயகன் அடி வாங்கி விழுகிறான். பிறகு தன் முறையை மாற்றுகிறான். நடனம் ஆடுவதுபோல் கால்கள் துள்ளுகின்றன. கமரா தள்ளி நின்று முழு உடம்பையும் காட்டுகிறது. படம் மெதுவாக ஓடுகிறது. எதிரியின் குத்துகள் காற்றில் போகின்றன. பிடிவாதமாக இருப்பவன் தோற்பான், மாறத் தெரிந்தவன் வெல்வான் என்பதைப் படமே காட்டிவிடுகிறது.

எதிரியின் கையும் காலும் முறிகின்றன. நாயகன் போதும் என்று தலையசைக்கிறான். எதிரி கேட்காமல் மீண்டும் மோதி, இறந்துபோகிறான். நாயகன் சிரிக்கவில்லை. எதிரியின் உடையையும் கறுப்புப் பட்டியையும் அவன்மேல் வைத்து, முழந்தாளிடுகிறான். அடுத்தவரை மதிக்காத வெற்றி வெற்றியே இல்லை. அதைச் சொல்ல அவருக்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

1973 யூலை 20ஆம் திகதி, 32 வயதில், புரூஸ் லீ ஹொங்கொங்கில் இறந்தார். உதவியாளராக மட்டும் நடித்தவர், கமராவைத் தன் பக்கம் திருப்பித் தன் கதையைத் தானே சொன்னார். அதனால்தான் இன்றும் உலகம் அவரை நினைக்கிறது.

பயிற்சி

1. பூனைக்குட்டியைக் காட்டாவிட்டால் அந்தச் சண்டை எப்படி மாறியிருக்கும்?
2. படத்தை மெதுவாக ஓடவிட்டதால் எங்களுக்கு என்ன தெரிகிறது?
3. மொழி தெரியாமல் இத்தாலிக்கு வந்த முதல் நாள் எப்படி இருந்தது என்று வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கோ. ஐந்து வசனங்களில் எழுதுங்கோ.