குரங்கின் முதுகும் மனிதனின் முதுகும்: ஹகீம் ஜாலீனூஸ் கண்டதும் காணாததும்

யூனானி மருந்துக் கடைகளில் ‘ஜவாரிஷ் ஜாலீனூஸ்’ என்றொரு லேகியம் கிடைக்கும். வயிற்றுக் கோளாறுக்காக நம் வீட்டுப் பெரியவர்கள் வாங்கிவைத்திருப்பார்கள். அந்த டப்பாவில் பெயராக நிற்கும் ஜாலீனூஸ் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. மேற்குலகம் கேலன் என்று அழைக்கும் கிரேக்க மருத்துவர்தான் அவர். பாக்தாதிலும் திமிஷ்கிலும் கெய்ரோவிலும் மருத்துவம் படித்த ஒவ்வொரு மாணவனும் பல நூற்றாண்டுகள் அவருடைய நூல்களைத்தான் பாடமாக ஓதினான்.

மனிதனின் முதுகும் நடுவுடலும் எப்படி இயங்குகின்றன என்பதை முறையாகச் சோதித்து எழுதியவர்களில் அவருக்குத்தான் முதலிடம். ஆனால் அவர் அறுத்துப் பார்த்தது மனிதனை அல்ல, குரங்கையும் பன்றியையும் ஆட்டையும். அவருடைய பெரும் வெற்றிக்கும் பெரும் தவறுக்கும் இந்த ஒன்றே காரணமாயிற்று.

ஜாலீனூஸ் கி.பி. 129இல் பெர்கமோன் நகரில் பிறந்தார். இன்று துருக்கியில் பெர்காமா என்று அழைக்கப்படும் ஊர் அது. நபி (ஸல்) அவர்கள் பிறப்பதற்குச் சுமார் 440 ஆண்டுகளுக்கு முந்தைய காலம். தந்தை நிக்கோன் கட்டடக் கலைஞர், கணிதம் அறிந்தவர், பொறுமைசாலி. தாயோ கடுங்கோபக்காரர், பணிப்பெண்களைக் கடித்துவிடும் அளவுக்குச் சினம் கொண்டவர் என்று மகனே பதிந்துவைத்திருக்கிறார். மகனைத் தத்துவ அறிஞனாக்க நினைத்த தந்தை, ஒரு கனவு கண்டபின் மருத்துவத்தின் பக்கம் திருப்பினார். அப்போது மகனுக்கு வயது 16.

சில ஆண்டுகளில் தந்தை இறந்துவிட்டார். கையில் சொத்து இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஊரில் சுகமாக இருந்திருக்கலாம். அவரோ ஆசிரியர்களைத் தேடிப் புறப்பட்டார். ஸ்மிர்னா, கொரிந்து என்று அலைந்து இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குப் போனார். மனித எலும்புகளைக் கண்ணால் பார்த்துப் படிக்க அன்று வாய்ப்பிருந்த இடம் அது.

அவருக்கு 400 ஆண்டுகளுக்கு முன் அதே அலெக்சாந்திரியாவில் மனித உடலை அறுத்து ஆராய்ந்த மருத்துவர்கள் இருந்தார்கள். அவருடைய காலத்தில் அந்த வழக்கம் மறைந்துவிட்டது. மனித உடல் மூடிய நூலாகிவிட்டது. வெள்ளம் அடித்துக் கிளப்பிய ஒரு கல்லறைப் பிணத்தையும், மலையோரம் கொல்லப்பட்டுப் பறவைகள் தின்று மிச்சம் வைத்த ஒரு கொள்ளைக்காரனின் எலும்புக்கூட்டையும் பார்க்கக் கிடைத்ததைக்கூட ஒரு வாய்ப்பாகவே அவர் குறிப்பிடுகிறார்.

157இல் ஊர் திரும்பியவருக்கு 28 வயது. அரங்கில் வாளேந்திப் பொருதும் வீரர்களுக்கு மருத்துவராக நியமனம் கிடைத்தது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கிழிந்த தசைகளையும் அறுந்த நரம்புகளையும் தைத்தும் கட்டியும் பழகினார். உயிருள்ள மனிதனின் தசையை அவர் உள்ளிருந்து கண்டது இந்தக் காயங்களின் வழியாகத்தான். ஆனால் காயம் எங்கே பட்டிருக்கிறதோ அங்கே மட்டும்தான் பார்க்க முடியும். முழுவதையும் பார்க்க விலங்குகளிடம்தான் போக வேண்டியிருந்தது.

வட ஆப்பிரிக்காவில் வாழும் வாலற்ற குரங்கினம் ஒன்று மனிதனுக்கு மிக நெருக்கமானது என்று அவர் கருதினார். முகம் உருண்டும் கோரைப்பல் சிறுத்தும் இருப்பவற்றையே தேர்ந்தெடுக்கும்படி மாணவர்களுக்குச் சொன்னார். எலும்பையும் தசையையும் அதில் கற்றார். உயிருள்ள விலங்கில் செய்யும் சோதனைகளுக்கோ பன்றிக்குட்டியையும் ஆட்டையும் எடுத்துக்கொள்வார். வேதனையில் குரங்கின் முகம் காட்டும் பாவனையைப் பார்க்க நன்றாயிராது என்பது அவர் சொன்ன காரணம். மயக்க மருந்து இல்லாத காலம் அது. வாயில்லாப் பிராணிகள் பட்ட அந்த வேதனையை எண்ணினால் இன்று நமக்கு நெஞ்சு கனக்கிறது. அவர் கண்டவற்றின் பயனைப் பேசும்போது அந்த விலையையும் மறைக்கக் கூடாது.

162இல் ரோமாபுரிக்குச் சென்றார். அங்கே அறிஞர்களும் அதிகாரிகளும் கூடிய சபைகளில் சோதனைகளைச் செய்து காட்டினார். அவற்றுள் முதுகுத் தண்டுவடத்தைப் பற்றியவை மிக முக்கியமானவை. முதுகெலும்புச் சங்கிலியின் உள்ளே ஓடும் தண்டுவடத்தை வெவ்வேறு உயரங்களில் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் உடலில் எது நிற்கிறது, எது தொடர்கிறது என்று குறித்தார்.

கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே வெட்டினால் விலங்கு உடனே இறந்தது. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையே வெட்டினால் மூச்சு நின்றது, கழுத்துக்குக் கீழே அனைத்தும் செயலற்றுப்போயின. ஆறாவதற்குக் கீழே வெட்டினால் மார்புக்கூட்டுத் தசைகள் ஓய்ந்தன, ஆனால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே விரிந்திருக்கும் உதரவிதானம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, விலங்கு உயிரோடிருந்தது. இன்னும் கீழே போகப்போக, வெட்டுக்குக் கீழேயுள்ள பாகங்கள் மட்டுமே முடங்கின. ஒரு பக்கம் பாதி வெட்டினால் அந்தப் பக்கம் மட்டும் முடங்கியது. நடுவே நெடுக்காகக் கீறினால் முடக்கமே இல்லை.

இதன் பொருள் என்ன? தசை தானாக இயங்குவதில்லை, மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக வரும் நரம்பே அதை இயக்குகிறது. உதரவிதானத்துக்கான நரம்பு கழுத்திலிருந்தே புறப்பட்டுவிடுவதால், அதற்குக் கீழே அடிபட்டாலும் மூச்சு நிற்பதில்லை. இந்த அமைப்பு பன்றிக்கும் ஆட்டுக்கும் மனிதனுக்கும் ஒன்றே. இன்றும் விபத்தில் கழுத்தடி பட்டவரைக் கொண்டுவந்தால் எத்தனையாவது எலும்பில் அடி என்பதையும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

விலங்கில் கற்றதை மனிதனிடம் அவர் பயன்படுத்திய நிகழ்ச்சி ஒன்று புகழ்பெற்றது. சிரியாவிலிருந்து ரோமுக்கு வந்த பௌசானியாஸ் என்ற அறிஞருக்குச் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரலில் பாதி ஆகியவற்றில் உணர்ச்சி போய்விட்டது. மற்ற மருத்துவர்கள் விரல்களுக்கே மருந்து பூசிக்கொண்டிருந்தார்கள். ஜாலீனூஸ் எங்காவது விழுந்தீர்களா என்று விசாரித்தார். வண்டியிலிருந்து விழுந்து மேல்முதுகு கல்லில் மோதியது தெரியவந்தது. விரல்களுக்குப் போகும் நரம்பு கழுத்து முடியும் இடத்தில் தண்டுவடத்தை விட்டு வெளியே வருகிறது என்பது அவருக்குத் தெரியும். விரலில் இருந்த மருந்தை எடுத்து முதுகில் வைக்கச் சொன்னார். நோயாளி குணமானார்.

தசைகளைப் பற்றியும் அவர் தனி நூல் எழுதினார. தசைகள் எதிரெதிர் இணைகளாக வேலை செய்கின்றன, ஒன்று சுருங்கும்போது எதிர்த்தசை தளர்ந்து இடம் விடுகிறது என்று காட்டினார். அசையாமல் இருப்பதும் தசையின் உழைப்பே என்று கண்டதுதான் அதில் சிறப்பு. வானில் ஒரே இடத்தில் மிதக்கும் பறவை சும்மா இருப்பதுபோல் தெரியும், ஆனால் இறக்கைத் தசை ஓய்ந்தால் கீழே விழுந்துவிடும். அசையாமல் நிமிர்ந்து நிற்கும் மனிதனின் முதுகும் வயிறும் அப்படித்தான். வெகுநேரம் நின்றவருக்கு இடுப்பு வலிப்பது இதனால்தான்.

முதுகெலும்பைக் கப்பலின் அடிமரத்துக்கு ஒப்பிட்டார். உடலைத் தாங்க வேண்டும், தண்டுவடத்துக்குப் பாதையாக வேண்டும், அதற்குக் காவலாக வேண்டும், வளைந்தும் கொடுக்க வேண்டும். வளைவுக்காக ஒரே எலும்பாக இல்லாமல் பலவாக இருக்கிறது, உறுதிக்காக அவை இறுகப் பிணைக்கப்பட்டுள்ளன என்று விளக்கினார். கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என்று அவர் சொன்ன கணக்கு மனிதனுக்குச் சரியானது. மனிதன் வானத்தைப் பார்ப்பதற்காகவே நிமிர்ந்து நிற்கிறான் என்றவர்களைக் கேலி செய்தார். அப்படியானால் கண்கள் எப்போதும் மேல்நோக்கியே இருக்கும் ஒரு மீனினம் நம்மை மிஞ்சிவிடும் என்றார். கைகளால் தொழில் செய்வதற்காகவே இரண்டு காலில் நிற்கிறான் என்பது அவர் கருத்து. உறுப்புகள் ஒவ்வொன்றிலும் படைப்பின் நுட்பமான திட்டத்தைக் கண்டார். முஸ்லிம் அறிஞர்கள் அவரை விரும்பிப் படித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் எங்கே தவறினார்? நான்கு காலில் நடக்கும் விலங்கின் முதுகு, இரு கரைகளில் ஊன்றிய பாலம் போன்றது. முன்னங்கால்கள் ஒரு கரை, பின்னங்கால்கள் மறுகரை, வயிறு அடியில் தொங்குகிறது. ஓடும்போது நாயின் முதுகு வில்லாக வளைந்து நிமிர்ந்து பாய்ச்சலுக்கு வலுச் சேர்க்கிறது. மனிதனின் முதுகோ தூண். தலையும் மார்பும் கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இடுப்பில் வந்து இறங்குகின்றன. அதனால் கீழே போகப்போக எலும்புகள் பருக்கின்றன, இடுப்பில் உள்வளைவு ஏற்படுகிறது, உடல் முன்னே சாயாதபடி முதுகுத் தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடிக்கின்றன. குரங்கு சிறிது நேரம் எழுந்து நிற்கும், ஆனால் அதன் முதுகு அதற்காக அமைந்ததல்ல. இந்த வேறுபாடு எலும்பின் வடிவத்திலேயே பதிந்திருக்கிறது. குரங்கின் எலும்பைப் பார்த்து மனிதனுக்கு எழுதிய இடங்களில் ஜாலீனூஸின் கை வழுக்கியது.

பேரரசர் மார்க்கஸ் ஒளரேலியஸின் அரண்மனைவரை உயர்ந்த அவருக்கு 192இல் பேரிழப்பு வந்தது. ரோமில் மூண்ட தீ, அவர் கிடங்கில் வைத்திருந்த நூல்களையும் மருந்துகளையும் கருவிகளையும் சாம்பலாக்கியது. அந்த இழப்பைத் தாங்கியது எப்படி என்று அவர் எழுதிய சிறுநூலின் கிரேக்கப் பிரதி 2005இல் கிரேக்க நாட்டு மடாலயம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. 87 வயதுவரை வாழ்ந்தார் என்பது அரபு வரலாற்றாசிரியர்கள் தரும் தகவல். அதன்படி அவர் இறந்தது 216ஐ ஒட்டி.

அவருடைய நூல்களுக்கு மறுவாழ்வு கொடுத்தது பாக்தாத். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ அறிஞர் (808–873) கிரேக்கப் பிரதிகளைத் தேடிப் பல ஊர்களுக்கு அலைந்தார், கிடைத்தவற்றை ஒப்பிட்டுத் திருத்தினார். ஜாலீனூஸின் 129 நூல்களைப் பட்டியலிட்டு, எவை யாரால் மொழிபெயர்க்கப்பட்டன என்று எழுதிவைத்தார். உடலை அறுத்து ஆராயும் முறை பற்றி ஜாலீனூஸ் எழுதிய 15 பாகங்களில் ஒன்பதாம் பாகத்தின் நடுவிலிருந்து இறுதிவரை கிரேக்க மூலம் அழிந்துபோனது. அரபியில் மட்டுமே அது எஞ்சியது. தண்டுவடச் சோதனைகளின் விரிவான விளக்கம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

மொழிபெயர்த்ததோடு நம் முன்னோர் நிற்கவில்லை. ஜாலீனூஸ் மீதான சந்தேகங்கள் என்ற பொருளிலேயே ராஸி (865–925) ஒரு நூல் எழுதினார். அதன்பின் வந்தவர் பாக்தாதைச் சேர்ந்த அப்துல் லத்தீஃப் (1162–1231). நைல் நதி பெருகாமல் 1200 முதல் 1202 வரை எகிப்தைப் பஞ்சம் வாட்டியபோது அவர் கெய்ரோவில் இருந்தார். எலும்புகளைப் பற்றிய ஜாலீனூஸின் பாடம் மாணவர்களுக்குச் சொல்லால் விளங்கவில்லை. அல்மக்ஸ் என்ற இடத்தில் பஞ்சத்தில் மாண்டவர்களின் எலும்புகள் மேடாகக் குவிந்து கிடப்பதைக் கேள்விப்பட்டு அவர்களை அங்கே அழைத்துச் சென்றார்.

கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் சேர்ந்தது என்று ஜாலீனூஸ் எழுதியிருந்தார். நாய், ஆடு போன்றவற்றில் தாடை நடுவே பிரிந்துதான் இருக்கும். அப்துல் லத்தீஃபும் உடன் வந்தவர்களும் 2,000க்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் தாடை ஒரே எலும்பு. முதுகெலும்பின் அடியில் இருக்கும் முக்கோண எலும்பையும் சோதித்தார். வாலெலும்போடு சேர்த்து அது ஆறு துண்டு என்பது ஜாலீனூஸின் கூற்று. சிலவற்றில் அது ஒரே எலும்பாகவும், வேறு சிலவற்றில் துண்டுகளாகவும் இருக்கக் கண்டார். இரண்டையும் அப்படியே எழுதினார். இளவயதில் தனித்தனியாக இருக்கும் அந்த எலும்புகள் வயது ஏற ஏற ஒன்றாகிவிடுகின்றன என்பது இன்று நமக்குத் தெரியும். ஜாலீனூஸ் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் கண் காட்டும் சாட்சி அவரைவிட நம்பத்தக்கது என்பதே அவர் கைக்கொண்ட நிலை. மரியாதையில் ஒரு சொல்லும் குறைக்கவில்லை.

1540இல் இத்தாலியின் போலோக்னாவில் வெசாலியஸ் என்ற இளம் மருத்துவர் மனித எலும்புக்கூட்டையும் குரங்கின் எலும்புக்கூட்டையும் அருகருகே வைத்துக் காட்டினார். இடுப்பு முள்ளெலும்பில் ஜாலீனூஸ் வருணித்த ஒரு புடைப்பு குரங்கில் இருந்தது, மனிதனில் இல்லை. பெரிய ஆசான் யாருடைய முதுகைப் பார்த்து எழுதினார் என்பது அன்று ஐரோப்பாவுக்கு விளங்கியது. அவரை முழுவதும் தள்ளிவிடவும் முடியவில்லை. தண்டுவடத்தைப் பற்றி அவர் சொன்னது இன்றும் நிற்கிறது.

பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லும்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். ஜாலீனூஸ் தவறியது சோம்பலால் அல்ல, பார்க்க வழியில்லாததால். அவருக்குப் பின் வந்த பலருக்கு எலும்பு கிடைத்தும் நூலிலிருந்து கண்ணை எடுக்க மனம் வரவில்லை. அலெக்சாந்திரியாவுக்குப் போய் எலும்புகளை நேரில் பாருங்கள் என்று மாணவர்களுக்குச் சொன்னவர் ஜாலீனூஸ். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சொல்லை நிறைவேற்றியது, மாணவர்களோடு அல்மக்ஸ் மேட்டில் ஏறிய அப்துல் லத்தீஃப்.