கார்சியா த ஓர்த்தா: கறுவாவின் உண்மையை எழுதிய வைத்தியர்

மறுமலர்ச்சி என்றதும் இத்தாலிய ஓவியர்களும் சிற்பிகளுமே மாணவர்களின் நினைவுக்கு வருவர். ஆயினும் மறுமலர்ச்சிக் கால வைத்திய, தாவரவியல் நூல்களுள் முக்கியமான ஒன்று ஐரோப்பாவில் அன்றி, நமக்கு அண்மையில் உள்ள கோவாவில் எழுதி அச்சிடப்பட்டது. அதன் ஆசிரியர் போர்த்துக்கேய வைத்தியரான கார்சியா த ஓர்த்தா ஆவார்.

இவர் 1501 ஆம் ஆண்டளவில் போர்த்துக்கலின் கஸ்தெலோ த வீத் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் ஸ்பானியாவிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள். 1497 இல் போர்த்துக்கலில் இருந்த யூதர்கள் யாவரும் கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கப்பட்டனர். எனவே ஓர்த்தா வெளியில் கிறிஸ்தவராகவே வளர்ந்தார். ஸ்பானியாவின் சலமங்கா, அல்காலா பல்கலைக்கழகங்களில் வைத்தியம் பயின்று 1523 இல் நாடு திரும்பினார். பின்னர் லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவும் கடமையாற்றினார்.

1534 இல் மார்ட்டின் அபொன்சோ த சூசா என்னும் கடற்படைத் தலைவனின் வைத்தியராகக் கப்பலேறிக் கோவாவை அடைந்தார். அதன் பின் தாயகம் திரும்பவேயில்லை. சூசாவின் படையெடுப்புகளில் உடன் சென்ற இவர் இலங்கைக்கும் வந்தார். கோட்டை மன்னன் புவனேகபாகுவுக்கும் சீதாவக்கை மாயாதுன்னைக்கும் இடையே போர் நடந்த காலம் அது.

கோவாவில் இவரிடம் வைத்தியம் பெற்றோருள் ஆளுநர்களும் இருந்தனர். அஹமத்நகர் சுல்தான் புர்ஹான் நிஸாம் ஷாவின் அரண்மனைக்கும் சென்று வந்தார். அங்கு முஸ்லிம் ஹகீம்களுடன் பழகி, மருந்துச் சரக்குகளின் அரபு, பாரசீகப் பெயர்களையும் அவற்றின் பயன்பாட்டையும் கேட்டறிந்தார். இந்து வைத்தியர்களிடமும் கற்றார். இப்னு ஸீனாவின் வைத்திய நூலை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இலத்தீனிலேயே படித்தனர். அந்நூல் வழிவந்த வைத்தியத்தைக் கையாண்டவர்களிடமே நேரில் கேட்கும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது.

1563 இல் மூலிகைகளும் மருந்துச் சரக்குகளும் பற்றிய இவரது உரையாடல் நூல் கோவாவில் அச்சாகியது. இலத்தீனில் அன்றி, போர்த்துக்கேய மொழியில் எழுதப்பட்டது. ஓர்த்தாவும் ருவானோ என்ற கற்பனை வைத்தியரும் இதில் உரையாடுகின்றனர். ருவானோ பழைய கிரேக்க நூல்களை எடுத்துக்காட்டுவார். ஓர்த்தா தாம் கண்டதைக் கூறி மறுப்பார். ஸ்பானியாவில் இருந்திருந்தால் கலேனுக்கு எதிராகப் பேசத் தமக்குத் துணிவு வந்திராது என்பதையும் அவர் ஒளிக்கவில்லை.

கறுவா பற்றிய பகுதி நமக்கு மிகவும் முக்கியமானது. பெரும் பறவைகள் கறுவாக் குச்சிகளால் கூடு கட்டுகின்றன என்ற கதை கிரேக்கர் காலத்திலிருந்து வழங்கி வந்தது. ஓர்த்தாவோ மரத்தையும் இலையையும் வருணித்து, உரித்த பட்டை வெயிலில் காய்ந்து சுருள்வதை விளக்கினார். இலங்கைக் கறுவாவே சிறந்தது என்றும் எழுதினார். பாரசீகர் இதனைச் சீன மரம் என்ற பொருளில் அழைப்பது ஏன்? அதனை அவர்களிடம் கொண்டுவந்தவை சீனக் கப்பல்கள் என்பதே அவரது விளக்கம். இலங்கையில் கீரி ஒரு வேரைத் தின்றுவிட்டு நாகத்துடன் சண்டையிடும் என்ற செய்தியையும் சேர்த்துள்ளார். வாந்திபேதி நோயின் அறிகுறிகளை விரிவாக எழுதிய முதல் ஐரோப்பியர்களுள் இவரும் ஒருவர்.

அவர் கூறியவை யாவும் சரியல்ல. வெள்ளை மிளகும் கறுத்த மிளகும் வெவ்வேறு கொடிகளில் காய்ப்பன என்று நம்பினார். இரண்டும் ஒரே கொடியின் விளைவு என்பதை நாம் அறிவோம். ஆயினும் மறுமலர்ச்சியின் ஆராய்ந்து அறியும் மனப்பாங்குக்கு உதாரணம் கேட்கப்படும்போது, கறுவாப் பகுதியை மாணவர்கள் துணிந்து எழுதலாம்.

போர்த்துக்கேயரின் மதக் கொள்கையை நாம் 1626 ஆம் ஆண்டு நிகழ்வுடன் சேர்த்தே படிக்கிறோம். அவர்களால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் நமது கிழக்குக் கரையில் குடியமர்த்தினான். அக்கொள்கை அவர்களது சொந்த வைத்தியரின் குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. 1560 இல் கோவாவில் மத விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. இரகசியமாக யூத மதத்தைப் பின்பற்றுவோரை அது தேடித் தண்டித்தது. ஓர்த்தா 1568 இல் காலமாகும்வரை அவர்மீது கை வைக்கப்படவில்லை. செல்வாக்குள்ள நண்பர்கள் இருந்தது காரணமாகலாம். மறு ஆண்டே அவரது சகோதரி கத்தரீனா உயிருடன் எரிக்கப்பட்டார். ஓர்த்தாவும் யூதராகவே வாழ்ந்தார் என்பது உறவினர்களின் வாக்குமூலங்களால் வெளிப்பட்டது.

இதற்கிடையில் குளூசியஸ் என்ற தாவரவியலாளர் நூலை இலத்தீனில் சுருக்கி, 1567 இல் அன்ட்வேர்ப் நகரில் வெளியிட்டிருந்தார். உரையாடல் வடிவத்தை அவர் நீக்கிவிட்டார். ஐரோப்பிய வைத்தியர்கள் பெரும்பாலும் படித்தது இச்சுருக்கத்தையே. 1578 இல் கிறிஸ்தோவாவோ த கொஸ்தா ஸ்பானிய மொழியில் எழுதிய படங்களுடன் கூடிய நூலும் ஓர்த்தாவையே பெரிதும் தழுவியது.

1580 இல் விசாரணை மன்றத்தின் தீர்ப்புப்படி ஓர்த்தாவின் கல்லறை தோண்டப்பட்டு, எலும்புகள் எரிக்கப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டில்தான் அவரது நூலின் இலத்தீன் சுருக்கம் மீண்டும் அன்ட்வேர்ப்பில் பதிப்பிக்கப்பட்டிருந்தது.