குதிரையில் பி.பி. பார்த்த பாதிரியார்

செகண்ட் இயர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் பீசோமீட்டர் பார்த்திருப்பீங்க. பைப்பில் ஒரு சின்ன துளை, அதில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கண்ணாடிக் குழாய். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுதோ, அதை வச்சு அந்த இடத்தின் அழுத்தத்தைச் சொல்லிடலாம். ரீடிங் எழுதி, சைன் வாங்கினதும் மறந்திருப்பீங்க. நானும் அப்படித்தான்.

இதே குழாயை உயிரோடு இருக்கும் ஒரு குதிரையின் தமனியில் செருகினால் என்ன ஆகும்? கேட்கவே ஒரு மாதிரி இருக்கு இல்லையா? சுமார் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் இதை உண்மையிலேயே செய்தார். அவர் டாக்டர் இல்லை, ஒரு சர்ச் பாதிரியார். பெயர் ஸ்டீபன் ஹேல்ஸ். இன்னைக்கு நம்ம வீட்டில் தாத்தா பாட்டிக்குப் பார்க்கும் பி.பி.யின் கதை அவரிடம்தான் ஆரம்பிக்குது.

ஹேல்ஸ் 1677-ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தார். 1696-ல் கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனார். படித்தது பாதிரியார் ஆவதற்கு. ஆனால் ஆர்வம் எல்லாவற்றிலும் இருந்தது. வில்லியம் ஸ்டூக்லி என்ற நண்பரோடு சேர்ந்து செடிகள் சேகரிப்பார், உடற்கூறு படிப்பார். கிரகங்கள் சூரியனைச் சுற்றுவதைக் காட்ட ஒரு பித்தளை இயந்திரம்கூடச் செய்தார். நம்ம பாஷையில் சொன்னால், டிபார்ட்மென்ட் ஒண்ணு, ப்ராஜெக்ட் எல்லாம் வேற டிபார்ட்மென்ட். 1709-ல் லண்டன் பக்கத்தில், தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் டெடிங்டன் என்ற ஊரின் பாதிரியார் ஆனார். சாகும் வரை, அதாவது 50 வருஷத்துக்கும் மேல், அந்த ஊரை விட்டுப் போகவில்லை.

ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628-லேயே நிரூபித்துவிட்டார். ஆனால் இதயம் எவ்வளவு விசையோடு அதைத் தள்ளுகிறது? இத்தாலியின் பொரெல்லி கணக்குப் போட்டு 1,80,000 பவுண்டு என்றார். பிரிட்டனின் ஜேம்ஸ் கீல் வெறும் 5 அவுன்ஸ் என்றார். ரெண்டுமே பேப்பரில் போட்ட கணக்கு. நேரடியாக அளந்தால்தான் தெரியும் என்று ஹேல்ஸ் நினைத்தார்.

முதலில் நாய்களில் முயன்றார். சில வருஷம் கழித்து, டெடிங்டனில் குதிரைகளில். முதல் குதிரை சுமார் 14 வயதான பெண் குதிரை. தோளில் ஆறாத புண். வேலைக்கு உதவாது என்று கொல்லப்பட இருந்தது. அதை உயிரோடு மல்லாக்கக் கட்டிப் போட்டார்கள். அப்போது மயக்க மருந்து என்ற ஒன்றே கிடையாது. தொடைத் தமனியைத் திறந்து, பித்தளைக் குழாய் செருகி, அதோடு 9 அடி நீளக் கண்ணாடிக் குழாயை இணைத்தார்.

தமனியில் போட்டிருந்த கட்டை அவிழ்த்ததும் ரத்தம் ஏறியது. இதயத்தின் இடது கீழறையிலிருந்து 8 அடி 3 அங்குல உயரம் போய் நின்றது. நின்ற இடத்திலும் ஒவ்வொரு துடிப்புக்கும் சில அங்குலம் ஏறி இறங்கியது. நாம இன்னைக்கு சிஸ்டாலிக், டயஸ்டாலிக் என்று சொல்றோமே, அந்த ஏற்ற இறக்கத்தின் சாயலைக் கண்ணால் பார்த்தவர் அவர்தான். அப்புறம் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, ஒவ்வொரு முறையும் உயரம் எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார், குதிரை இறக்கும் வரை.

இங்கே கொஞ்சம் நில்லுங்க. 8 அடி 3 அங்குலத்தை இன்றைய அலகுக்கு மாற்றினால் சுமார் 190 மில்லிமீட்டர் பாதரசம் வரும். அமைதியாக நிற்கும் குதிரைக்கு இது ரொம்ப அதிகம்.

ஏன் என்று எனக்கு எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்டில்தான் புரிந்தது. பிரஷர் சென்சர் வச்சு ஒரு பி.பி. மானிட்டர் பண்றோம். ரிவ்யூ அன்னைக்கு நண்பன் கையில் கஃப் கட்டினோம். 152 காட்டியது. சென்சர்தான் தப்பு என்று ரெண்டு நாள் சர்க்யூட்டையும் கோடையும் நோண்டினோம். சென்சர் சரியாகவே இருந்தது. லேட் ஆகிவிட்டதென்று அவன் நாலு மாடி படியேறி ஓடி வந்திருந்தான், அவ்ளோதான்.

ஹேல்ஸின் குழாயும் பொய் சொல்லவில்லை. வலியிலும் பயத்திலும் துடிக்கும் ஒரு குதிரையின் அழுத்தத்தைச் சரியாகவே காட்டியது. அவருக்கும் இது தெரியாமல் இல்லை. பயமோ வலியோ இல்லாத குதிரையின் நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 36 என்றும், கட்டிப்போட்ட இந்தக் குதிரைக்கு 55-க்கு மேல் என்றும், வலி கூடும்போது 100 வரை போனது என்றும் அவரே எழுதி வைத்திருக்கிறார். ரீடிங்கோடு அது எந்த நிலையில் எடுத்தது என்பதையும் எழுதியது அவருடைய நேர்மை.

ஆனால் இந்த வேலை அவருக்கே ஒத்துக்கொள்ளவில்லை. அறுத்துப் பார்ப்பதன் அருவருப்பு தாங்காமல் பல வருஷம் இதை விட்டுவிட்டார். பக்கத்து ஊரில் இருந்த கவிஞர் அலெக்சாண்டர் போப் அவருடைய நண்பர். தன் உயிலுக்குச் சாட்சியாக ஹேல்ஸைக் கையெழுத்துப் போட வைக்கும் அளவுக்கு நம்பினார். அவரே இந்த விலங்குச் சோதனைகளைக் கடுமையாக எதிர்த்தார்.

ஹேல்ஸைத் திரும்ப ஆய்வுக்குக் கொண்டு வந்தது ஒரு திராட்சைக் கொடி. கவாத்து பண்ணிய கொடியில் சாறு நிற்காமல் வடிய, அதை நிறுத்த வெட்டிய இடத்தில் ஒரு தோல்பையைக் கட்டினார். பை உப்பியது! உடனே பழைய கண்ணாடிக் குழாயை இங்கே பொருத்தினார். சாறு 21 அடி ஏறியது. பிறகு பாதரச மானி வைத்து அளந்தபோது, குதிரைத் தமனியைவிடக் கிட்டத்தட்ட 5 மடங்கு அழுத்தம். ரத்தம் சிந்தாமலும் நல்ல சயின்ஸ் செய்யலாம் என்று அந்தக் கொடி காட்டியது. செடிகள் பற்றிய புத்தகம் 1727-ல் வந்தது. ரத்த அழுத்தச் சோதனைகள் 1733-ல்தான் புத்தகமாயின.

அந்த இரண்டாவது புத்தகத்தில் நமக்குப் பிடித்த விஷயம் நிறைய. இதயத்துக்குள் உருக்கிய மெழுகை ஊற்றி, உறைந்ததும் கன அளவு பார்த்து, அதை நாடித்துடிப்பால் பெருக்கி, நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம் வெளியேறுகிறது என்று கணக்கிட்டார். இதயம் விட்டு விட்டுத் தள்ளினாலும் ரத்தம் தொடர்ந்து ஓடுவது எப்படி? அந்தக் காலத் தீயணைப்பு பம்பில் இருக்கும் காற்று அறையோடு தமனிகளின் மீள்தன்மையை ஒப்பிட்டார். ஈ.சி.இ. நண்பர்களே, ரெக்டிஃபையருக்குப் பின்னால் நீங்க போடும் கெப்பாசிட்டர் செய்வதும் இதேதான்.

பிற்காலத்தில் அவர் யோசித்ததெல்லாம் உயிரைக் காப்பது பற்றி. கப்பல்களிலும் சிறைகளிலும் காற்றில்லாமல் கும்பல் கும்பலாக மக்கள் செத்தார்கள். பெரிய துருத்திகள் வைத்த வென்டிலேட்டர் செய்து அங்கெல்லாம் பொருத்த வைத்தார். 1754-ல் ஊருக்குத் தண்ணீர் கொண்டு வந்தார். 39.2 அங்குல ஊசல் மூன்று முறை ஆடும் நேரத்தில், அதாவது சுமார் 3 வினாடியில், 2 குவார்ட் பாத்திரம் நிரம்புகிறது என்று சர்ச் பதிவேட்டில் எழுதினார். சர்ச் பதிவேட்டில் டிஸ்சார்ஜ் ரீடிங்! 1761 ஜனவரி 4-ல் 83 வயதில் இறந்தார். தான் வேலை செய்த அதே சர்ச்சில் அடக்கம் ஆனார். பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம் இன்று இருப்பதும் அதே டெடிங்டனில்தான்.

அவருக்குப் பின் வந்தவர்கள் குழாயைச் சின்னதாக்கினார்கள். 1828-ல் பாய்சுய் தமனியில் பாதரச மானியைப் பொருத்தினார். 1847-ல் லுட்விக் அழுத்தத்தைச் சுழலும் உருளையில் கோடாக வரைய வைத்தார். ஆனாலும் தமனியைத் திறந்தே ஆக வேண்டும். 1896-ல் ரிவா-ரோச்சி கையில் சுற்றும் கஃப் கொண்டு வந்தார். 1905-ல் கொரோட்காஃப் அதோடு ஸ்டெதஸ்கோப்பைச் சேர்த்தார். அதற்கப்புறம், சிஸ்டாலிக், டயஸ்டாலிக் ரெண்டையும் அறிய யாரையும் அறுக்க வேண்டியிருக்கவில்லை.

ஹேல்ஸின் குழாயை உங்க தமனியில் செருகினால் ரத்தம் சுமார் 5 அடி ஏறும். செருகாமலே அரை நிமிஷத்தில் தெரிந்துகொள்கிறோம். அடுத்த முறை உங்க கையில் கஃப் இறுகும்போது ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்துட்டு பட்டனை அழுத்துங்க. அப்படி உட்கார அந்தக் குதிரைக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை.