இசைவாணர் பீத்தோவன்

ரைன் ஆற்றங்கரையிலுள்ள பான் நகரில் 1770ஆம் ஆண்டில் தோன்றியவர் பீத்தோவன். அரசவைப் பாடகர் ஒருவரின் மகனாகிய இவர், 1792இல் வியன்னா நகரையடைந்து, 1827இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். முப்பதாண்டு நிரம்புமுன்னரே இவருடைய செவிப்புலன் குறையத் தொடங்கிற்று. பின்னாளில் நண்பர்கள் ஏட்டில் எழுதிக்காட்டியே இவரோடு உரையாடினர். இசைவாணர்க்குச் செவியினும் சிறந்த செல்வம் யாது? அதனையிழந்தும் இவர் இசை படைத்தலை விட்டாரல்லர்.

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு கருவிகள் கூடி இசைப்பது நால்வரிசை எனப்படும். செல்வர் மாளிகைகளிலேயே பெரிதும் ஒலித்துவந்த இதனை, மக்கள் கட்டணம் செலுத்திக் கேட்கும் தொடர் கச்சேரிகளாக வியன்னாவில் 1804ஆம் ஆண்டில் தொடங்கியவர் ஷுப்பான்ஸிக் என்னும் வயலின் வல்லுநர். 1825ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 6ஆம் நாள் அவர் குழுவினர் பீத்தோவனின் புதிய நால்வரிசையொன்றை வாசித்தனர். பயிற்சி போதாமையால் அது சிறக்கவில்லை. கேட்டோர் விளங்காது திகைத்தனர். பீத்தோவன் சினந்து, அதனை ஜோசப் பேம் என்னும் வேறொரு கலைஞரிடம் ஒப்படைத்தார்.

ஒத்திகைக்குத் தாமே வந்தமர்ந்தார். செவி கேளாதவர் அங்கு வந்து செய்வதென்ன என்று நீங்கள் நினைக்கலாம். நான்கு விற்களின் அசைவையும் அவர்தம் கண்கள் தொடர்ந்தன. காலம் மயிரிழை பிறழினும் கண்டு திருத்தினார். இறுதிப் பகுதியின் முடிவில் வேகத்தைத் தணிக்குமாறு அவர் குறித்திருந்தார். அது சுவையைக் குறைக்கும் என்றெண்ணிய பேம், வேகந்தணியாமலே வாசிக்குமாறு தம் குழுவினர்க்குச் சொல்லிவைத்தார். பெருந்துணிவுதான்! மூலையில் ஒடுங்கியிருந்த பீத்தோவன் இமையாது நோக்கினார். வாசிப்பு முடிந்ததும் எழுந்துசென்று, நால்வர் ஏடுகளிலும் இருந்த அக்குறிப்பைத் தம் கையாலேயே அடித்துவிட்டார். பின்னர்ப் பேம் குழுவினர் அதனை அரங்கில் வாசித்தபோது அவையோர் மகிழ்ந்து ஆரவாரித்தனர்.